இது எந்த ஏட்டில இருந்து வந்தது?

கலைப்பீடத்தில் தமிழ் படிக்க வருகிற எங்களுக்கு ஒரு பழக்கத்தை முதலாம் வருடத்திலேயே ஏற்றிவிடுவார்கள். ஒரு பழைய நூலைக் கையில எடுத்தால் முதலில் பாட்டுக்குப் போகக் கூடாது, பதிப்புரைக்குப் போக வேணும். யார் பதிப்பித்தது, எந்த ஆண்டு, எத்தனை ஏடுகளை ஒப்பிட்டது, அந்த ஏடுகள் யாரிட்ட இருந்து வந்தது, எங்கெங்க பாடபேதம் இருக்கு. இதெல்லாம் பார்க்காமல் "தொல்காப்பியத்தில் இப்படி இருக்கு சேர்" எண்டு சொன்னால், "எந்தப் பதிப்பில?" எண்டு உடனே கேள்வி வரும்.

இதே கேள்வியை ஒரு மென்பொருளைப் பார்த்துக் கேட்டால் என்ன? லப்டொப்பில் நிறுவுகிற தமிழ் விசைப்பலகை, எழுத்துரு, சொற்பிழைதிருத்தி எல்லாம் யாரோ ஒருவர் எழுதி, இன்னொருவர் பொதியாகக் கட்டி, எங்கேயோ பதிவேற்றி, எங்கட கைக்கு வந்து சேர்ந்தவை. அந்தப் பொதிக்குள் இருக்கிறதும் எழுதியவர் எழுதினதும் ஒன்றுதானா? இடையில் யாராவது கை வைத்தார்களா? போன வருடப் பதிப்புக்கும் இந்த வருடப் பதிப்புக்கும் என்ன வித்தியாசம்? இதைக் கண்டுபிடிக்க வழி வைத்திருக்கிற மென்பொருளும் உண்டு, வழியே இல்லாத மென்பொருளும் உண்டு. தமிழில் நாங்கள் அன்றாடம் பாவிக்கிறதில் இரண்டாவது வகை கனக்க.

எங்கட கருத்து இதுதான். தமிழுக்காகச் செய்யப்படுகிற எந்த மென்பொருளும் தன்னுடைய மாற்ற வரலாறு முழுவதோடும் ஒரு திறந்த களஞ்சியத்தில் இருக்க வேணும். சனத்துக்குப் போய்ச் சேருகிற பொதி, அந்தக் களஞ்சியத்தில் இருந்தே, எல்லாருக்கும் தெரிகிற வழியால் வெளியேற வேணும். இந்த வேலையில் கணினி படித்தவர்களுக்கு எவ்வளவு பங்கு இருக்கோ, அவ்வளவு பங்கு தமிழும் வரலாறும் படிக்கிற எங்களுக்கும் இருக்கு.

சிறுப்பிட்டியில் இருந்து தொடங்குவம்

சி. வை. தாமோதரம்பிள்ளை 1832இல் சிறுப்பிட்டியில் பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவர். 1881இல் வீரசோழியம், 1885இல் நச்சினார்க்கினியர் உரையோடு தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887இல் கலித்தொகை எண்டு ஏட்டில் கிடந்ததை அச்சுக்குக் கொண்டுவந்தார். அவருடைய பதிப்புரைகளை இன்றைக்கும் எடுத்து வாசிக்கலாம். ஏடுகளை எங்கே தேடினார், யார் கொடுத்து உதவினார்கள், அவை என்ன நிலையில் இருந்தன எண்டெல்லாம் எழுதியிருப்பார். அதே 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், பின்னர் 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு எண்டு போகப் போக, பிரதிகளுக்கு இடையிலான வேறுபாடுகளைக் குறித்துவைக்கும் முறையை இன்னும் விரிவாக்கினார்.

இதால என்ன பயன்? பதிப்பாசிரியர் ஓரிடத்தில் பிழை விட்டிருந்தாலும் அடுத்து வருகிறவர் திருத்தலாம். எதை எடுத்தார், எதை விட்டார் எண்டு தெரியும். என்னை நம்பு எண்டு வாசகரிடம் அவர்கள் கேட்கவில்லை. சரிபார்க்கிறதுக்கு வழி வைத்துவிட்டுப் போனார்கள்.

மென்பொருள் உலகத்தில் இதைச் செய்கிற கருவிக்குத் தமிழில் 'பதிப்புக் கட்டுப்பாடு' எண்டு பெயர். அந்தப் 'பதிப்பு' என்ற சொல் எங்களுக்கு நல்லாப் பிடிச்சிருக்கு. இது என்னவோ புது விசயம் எண்டு நினைக்க வேண்டாம். தமிழ் விக்கிப்பீடியாவில் எந்தக் கட்டுரையைத் திறந்தாலும் மேலே 'வரலாறு' எண்டு ஒரு தத்தல் இருக்கும். அதை அழுத்தினால் அந்தக் கட்டுரையின் முதல் வரியில் இருந்து இன்றைக்கு வரை யார், எப்ப, எந்தச் சொல்லை மாற்றினார் எண்டு வரிசையாகக் காட்டும். 2003இல் தமிழ் விக்கிப்பீடியாவுக்கு அத்திவாரம் போட்ட இ. மயூரநாதன் வண்ணார்பண்ணையைச் சேர்ந்தவர். ஆகவே இந்தப் பழக்கம் எங்கட ஊருக்கு அந்நியமில்லை.

மென்பொருள் எழுதுகிறவர்கள் இன்றைக்கு அதிகம் பாவிப்பது கிட். லினக்ஸ் கருவின் வேலைகளைச் சமாளிக்க லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் எழுதத் தொடங்கிய கருவி. ஒவ்வொரு மாற்றமும் ஒரு 'கொமிட்' ஆகப் பதிவாகும்: யார், எப்ப, எந்தக் கோப்பில் எந்த வரி, ஏன். ஒவ்வொரு கொமிட்டுக்கும் ஒரு நீண்ட அடையாள எண் கிடைக்கும். அந்த எண் அதன் உள்ளடக்கத்தில் இருந்தும் அதற்கு முந்திய கொமிட்டின் எண்ணில் இருந்தும் கணிக்கப்படுகிறது. அதனால் பழைய இடத்தில் ஒரு எழுத்தை ஒளிச்சு மாற்றினாலும் அதற்குப் பிறகு வருகிற எண்கள் எல்லாம் மாறிவிடும். பிரதி வைத்திருக்கிற எவரும் கண்டுபிடிக்கலாம்.

கிட்டில் பிரதி எண்டால் முழுப் பிரதி. களஞ்சியத்தை உங்கட கணினிக்கு எடுத்தால், கடைசிப் பதிப்போடு சேர்த்து முழு வரலாறும் வந்துவிடும். நூலகம் எரிந்த கதையை எல்லாத்துக்கும் இழுக்கிறது எங்கட ஊர்ப் பழக்கம்தான். ஆனாலும் இந்த இடத்தில் அது பொருந்துது. 1981இல் 97,000 அளவிலான நூல்களும் ஏடுகளும் போனபோது, வேறெங்கும் பிரதி இருந்தவை திரும்பி வந்தன. ஒரே ஒரு பிரதியாக இருந்தவை போனது போனதுதான். கிட் பிறந்த அதே 2005இல் நூலகத் திட்டம் இணையத்தில் தொடங்கியதும் இந்த நோவில் இருந்துதான். ஒன்று கனவாக வேணும், அது கன இடத்தில் இருக்க வேணும்.

பொதி எப்படி வருகுது?

ஒரு நிரலை எழுதி முடிச்ச உடனே அது எங்கட கணினிக்கு வந்துவிடாது. இடையில் ஒரு அச்சுக்கூடம் இருக்கு. லினக்ஸ் உலகில் அந்த அச்சுக்கூடத்துக்கு 'வழங்கல்' எண்டு பெயர். 1993இல் இயன் மேர்டொக் தொடங்கிய டெபியன் அதில் பழையதும் பெரியதும். உபுண்டு டெபியனை அடிப்படையாக வைத்தே கட்டப்படுகிறது. 2025 ஓகஸ்டில் வெளிவந்த டெபியன் 13இல் 69,000க்கும் மேற்பட்ட பொதிகள் இருக்கு. நாங்கள் பாவிக்கும் லோஹித் தமிழ் எழுத்துருவும் அதில் ஒரு பொதிதான்.

ஒவ்வொரு பொதிக்கும் ஒரு பராமரிப்பாளர் இருப்பார். கனபேர் சம்பளம் இல்லாமல் செய்கிற தொண்டர்கள். நிரலை எழுதியவர் வெளியிட்ட 'டார்' கோப்பை இவர் எடுப்பார். டார் எண்டால் கனக்கக் கோப்புகளை ஒன்றாகக் கட்டிய மூட்டை, எங்களுக்குத் தெரிந்த சிப் கோப்பு மாதிரி. அதோடு டெபியனுக்கு வேண்டிய குறிப்புகளைச் சேர்த்து, தன்னுடைய கணினியில் மூலப்பொதியாகக் கட்டி, தன்னுடைய இலக்கமுறைக் கையொப்பத்தை வைத்து, டெபியனின் பெட்டகத்துக்குப் பதிவேற்றுவார். பெட்டகம் கையொப்பத்தைச் சரிபார்த்து ஏற்றுக்கொள்ளும்.

இதில் ஒரு ஓட்டை இருக்கு. கையொப்பம் சொல்வது ஒன்றைத்தான்: இந்தப் பொதி இந்த ஆளிட்ட இருந்து வந்தது. இந்தப் பொதிக்குள் இருப்பதும் திறந்த களஞ்சியத்தில் எல்லாரும் பார்க்கிற நிரலும் ஒன்றுதான் எண்டு அது சொல்லாது. கனகாலமாக டெபியனில் கிட் பாவிப்பது பராமரிப்பாளரின் விருப்பம். களஞ்சியம் ஒரு பக்கம், பதிவேற்றப்பட்ட பொதி இன்னொரு பக்கம். இரண்டும் ஒத்துப்போகும் எண்டு ஒரு நம்பிக்கை. பதிப்புரையில் ஒரு ஏட்டைச் சொல்லிவிட்டு, உள்ளே வேறொரு ஏட்டின் பாடத்தை அச்சடிச்சால் எப்படி இருக்கும்? அதைச் செய்யத் தடை ஒன்றும் இருக்கவில்லை.

2024 மார்ச்

அந்த ஓட்டைக்குள்ளால் ஒருவர் நுழைஞ்சார். எக்ஸ்-இசட் எண்டு ஒரு சின்னச் சுருக்கக் கருவி. கோப்புகளைச் சுருக்கி விரிக்கும், அவ்வளவுதான் வேலை. ஆனால் உலகத்தின் பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் அது இருக்கு. அதைப் பல வருடமாகப் பராமரித்தவர் லாஸே கொலின் எண்ட ஒரே ஒரு ஆள். களைச்சுப்போயிருந்தார். 2021 அளவில் 'ஜியா டான்' எண்ட பெயரில் ஒருவர் உதவிக்கு வந்தார். ஒழுங்காக வேலை செய்தார். வேறு சில பெயர்களில் வந்தவர்கள் "வேலை மெதுவாப் போகுது, புது ஆளுக்குப் பொறுப்பைக் குடுங்கோ" எண்டு கொலினை நெருக்கினார்கள். கடைசியில் புதியவருக்குப் பதிப்பு வெளியிடும் உரிமை கிடைத்தது.

2024 பெப்ரவரியிலும் மார்ச்சிலும் 5.6.0, 5.6.1 எண்ட இரண்டு பதிப்புகள் வந்தன. இரண்டிலும் ஒரு பின்கதவு. தூரத்தில் இருந்து கணினிக்குள் நுழையப் பாவிக்கும் எஸ்.எஸ்.எச் சேவையைத் தன்வசப்படுத்தக்கூடியது. நச்சு நிரல், சோதனைக் கோப்புகள் போல வேசம் போட்டுக் களஞ்சியத்துக்குள்ளேயே கிடந்தது. ஆனால் அதைத் தட்டி எழுப்புகிற சில வரிகள் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டு டார் மூட்டைக்குள் மட்டும் இருந்தது. கிட் களஞ்சியத்தைத் திறந்து வாசித்தவர்களுக்கு அந்த வரிகள் கண்ணில் படாது. பொதி கட்டியவர்கள் எடுத்ததோ அந்த மூட்டையை. டெபியனின் சோதனைக் கிளை உட்படச் சில வழங்கல்களுக்குள் அது புகுந்தும் விட்டது.

பிடிபட்டது எப்படி? அன்ட்ரெஸ் பிராயின்ட் எண்ட பொறியியலாளர், தன்னுடைய கணினியில் எஸ்.எஸ்.எச் உள்நுழைவு அரைச் செக்கன் அளவு பிந்துவதைக் கவனிச்சார். அரைச் செக்கன்! விடாமல் தோண்டினார். மார்ச் 29ஆம் திகதி விசயத்தைப் பகிரங்கப்படுத்தினார். இன்னும் சில மாதம் கழிஞ்சிருந்தால் அது நிலையான பதிப்புகளுக்குள் இறங்கி, உலகம் முழுக்க வழங்கிகளில் உட்கார்ந்திருக்கும்.

எங்களுக்கு இதில் இரண்டு பாடம் தெரியுது. ஒன்று, களஞ்சியத்துக்கும் பொதிக்கும் இடையில் இருக்கிற இடைவெளி ஆபத்தானது. அந்த இடத்தை யாரும் பார்ப்பதில்லை எண்டு தெரிந்தவர்தான் அங்கே கை வைத்தார். இரண்டு, வரலாறு இருந்தால் மட்டும் காணாது, வாசிக்க ஆள் வேணும். நச்சுக் கோப்புகள் களஞ்சியத்துக்குள் கிடந்தும் ஒருவரும் சந்தேகப்படவில்லை. ஒரே ஆளின் தோளில் முழுப் பாரத்தையும் ஏற்றிவிட்டு உலகம் நித்திரை கொண்டது.

இடைவெளியை மூடுகிற வேலை

இந்த இடைவெளியை மூட டெபியனுக்குள் பல வருடமாக முயற்சி நடக்கிறது. 2013இல் இயன் ஜாக்சன், டெபியன் பெட்டகத்தையே ஒரு கிட் களஞ்சியம் போலப் பாவிக்க உதவும் 'டி-கிட்' எண்ட கருவியை எழுதினார். பிறகு அவரும் ஷோன் விட்டனும் சேர்ந்து 'டாக்-டூ-அப்லோட்' எண்ட சேவையை முன்வைத்தார்கள். யோசனை எளிது. பராமரிப்பாளர் பொதியைத் தன்னுடைய கணினியில் கட்டத் தேவையில்லை. கிட்டில் "இதுதான் நான் வெளியிடும் பதிப்பு" எண்டு ஒரு குறியை, அதாவது 'டாக்' ஒன்றை, கையொப்பத்தோடு வைத்தால் போதும். சேவை அந்தக் குறி இருக்கிற இடத்தில் இருந்து மூலப்பொதியைத் தானே ஆக்கிப் பதிவேற்றும். களஞ்சியத்தில் இருப்பதில் இருந்துதான் பொதி பிறக்கும்.

எல்லாரும் கை தட்டி ஏற்கவில்லை. 2024இல் டெபியனுக்குள் பெரிய வாதம் நடந்தது. பெட்டகத்தைக் காக்கும் குழுவின் கவலை நியாயமானது. இதுவரை ஆளின் கையொப்பத்தைப் பெட்டகமே நேரடியாகச் சரிபார்த்தது. இனி இடையில் ஒரு இயந்திரம் வந்து நிற்கும். அந்த இயந்திரத்தை யாராவது பிடிச்சால் என்ன செய்கிறது? பொதுத் தீர்மானத்துக்கு விடும் நிலை வரைக்கும் போய், பேசித் தீர்த்து, 2025இல் சேவை பாவனைக்கு வந்தது. வருடக்கணக்கான இழுபறி எண்டு சிரிக்கலாம். நாங்கள் சிரிக்க மாட்டம். யாரை, எந்த இடத்தில், எவ்வளவு தூரம் நம்புவது எண்டு பகிரங்கமாகச் சண்டை பிடிச்சு முடிவு எடுக்கிறது நல்ல பழக்கம். எங்கட சங்கங்களில் அது அருமை.

மற்ற இடங்களிலும் காற்று இந்தப் பக்கம்தான் வீசுது. ஆர்ச் லினக்ஸ் பாவனையாளர்களின் பொதிக் களஞ்சியம் 2015இலேயே கிட்டுக்கு மாறிவிட்டது. அங்கே பதிவேற்றம் எண்டாலே கிட்டில் தள்ளிவிடுவதுதான். அன்ட்ரொயிட் போன்களுக்கான எப்-டிரொய்ட் செயலிக் களஞ்சியம், பெரும்பாலும் ஆக்கியவர் தருகிற செயலிக் கோப்பை அப்படியே எடுக்காமல், மூலநிரலை எடுத்துத் தானே கட்டுகிறது. பைதன் நிரல்களின் பொதுக் களஞ்சியமான பை-பி-ஐ, 2023 ஏப்ரலில் இருந்து, கடவுச்சொல்லைக் கையில் வைத்திருக்காமல் கிட்ஹப் போன்ற இடத்தில் இருந்து நேரடியாகப் பொதியை வெளியிட வழி செய்திருக்கு. காசு ஒன்றும் வேண்டாம். ஒரு தமிழ்ச் சின்னத் திட்டமும் இன்றைக்கே இதைப் பாவிக்கலாம்.

எங்கட பக்கம் என்ன நிலைமை?

பாமினியை எடுப்பம். யாழ்ப்பாணத்தில் அச்சகம், கல்யாணக் கார்ட், அந்தியேட்டி மலர், வினாத்தாள் எண்டு எதைத் தொட்டாலும் பாமினி. கொமினிகேசன் கடையில் கேட்டால் பென்ட்ரைவில் போட்டுத் தருவார்கள். எந்தப் பாமினி? அதற்குப் பதில் இல்லை. யூனிகோட் இல்லாத எழுத்துரு எண்டபடியால், அது இல்லாத கணினியில் 'தமிழ்' எண்ட சொல்லைத் திறந்தால் ஜே, கே, பி, ஓ எண்ட ஆங்கில எழுத்துகளும் ஒரு அரைப்புள்ளியும் தெரியும். கையில் இருக்கிற கோப்பு எந்த மூலத்தில் இருந்து வந்தது, இடையில் யார் எந்த எழுத்தைத் திருத்தினார் எண்டு சொல்ல அந்தக் கோப்பிலேயே ஒன்றும் இல்லை. பென்ட்ரைவ் பரம்பரை. ஏட்டைப் படியெடுத்தவரின் பெயர் கூடச் சில ஏடுகளின் கடைசியில் இருக்கும், இதில் அதுவும் இல்லை.

மற்றப் பக்கம் நல்ல உதாரணங்களும் இருக்கு. தமிழா! குழுவின் எ-கலப்பை விசைப்பலகையின் மூலநிரல் கிட்ஹப்பில் திறந்து கிடக்கு. தமிழ் எழுத்துகளைக் கையாளும் ஓபன்-தமிழ் எண்ட பைதன் நூலகம் களஞ்சியமாகவும் இருக்கு, பை-பி-ஐயில் பொதியாகவும் இருக்கு. லோஹித் எழுத்துருவுக்கு ஆயத்தக் கோப்போடு சேர்த்து, திருத்தக்கூடிய மூலக்கோப்பும் வெளியிடப்பட்டிருக்கு. அந்த மூலக்கோப்பு வெறும் எழுத்துக் கோப்பு எண்டதால் 'ணை'யின் வளைவை யார் எப்ப மாற்றினார் எண்டு கிட் காட்டும். 2023 சனவரியில் விழுப்புரத்தில் டெபியன் ஆர்வலர்கள் கூடினார்கள், அதே வருடம் செப்ரெம்பரில் டெபியனின் உலக மாநாடு கொச்சியில் நடந்தது. பாக்குநீரிணைக்கு அந்தப் பக்கம் ஆள் சேருது.

இலங்கைக்குள்ளும் ஒரு முன்மாதிரி இருக்கு. 2004 சுனாமிக்குப் பிறகு காணாமல்போனவர்களையும் முகாம்களையும் உதவிகளையும் ஒழுங்குபடுத்த, இங்கத்தைய தொண்டர்கள் சில வாரங்களுக்குள் 'சகனா' எண்ட மென்பொருளை எழுதினார்கள். அதைத் திறந்த மூலமாக வெளியிட்டார்கள். 2005இல் பாகிஸ்தான் பூமியதிர்ச்சியிலும் 2010இல் ஹெயிட்டியிலும் அது பாவிக்கப்பட்டது. கொழும்பில் ஒரு கந்தோரின் கணினிக்குள் கிடந்திருந்தால் சுனாமியோடேயே அதன் கதையும் முடிஞ்சிருக்கும்.

அப்படி முடிகிற கதைகள்தான் எங்களுக்குக் கவலை. ஒவ்வொரு வருடமும் எத்தனையோ பிள்ளைகள் இறுதியாண்டுச் செயற்திட்டமாகத் தமிழுக்கு ஏதாவது செய்யினம்: கையெழுத்தைப் படிக்கிற செயலி, பேச்சை எழுத்தாக்குகிற கருவி, வட்டார வழக்கு அகராதி. பட்டமளிப்பு முடிய அறிக்கை அலுமாரிக்குள் போகும், நிரல் ஒரு சீடிக்குள் போகும், செய்தவர் வேலைக்கோ வெளிநாட்டுக்கோ போவார். அடுத்த வருடம் இன்னொரு குழு அதே வேலையைப் பூச்சியத்தில் இருந்து தொடங்கும். இது தனிப்பட்ட ஆக்களின் சோம்பல் இல்லை. வரலாற்றோடு வெளியிட வேணும் எண்டு எங்கேயும் கேட்கப்படுவதில்லை, அதுதான்.

கேட்கக்கூடிய கேள்விகள்

"சின்ன வேலைக்கு இவ்வளவு ஆரவாரம் தேவையா? சிப் பண்ணி டிரைவில போட்டால் காணாதா?" எண்டு கேட்கலாம். சின்ன வேலைக்குத்தான் கூடத் தேவை. பெரிய நிறுவனத்தில் ஒருவர் போனால் இன்னொருவர் வருவார். எங்கட திட்டங்களில் பெரும்பாலும் ஒரே ஆள். அவருக்கு வருத்தம் வந்தால், கல்யாணம் வந்தால், விசா வந்தால், திட்டம் அந்த இடத்தில் நிற்கும். சிப் கோப்பு ஒரு படம் மாதிரி, அந்த நேரத்து முகத்தை மட்டும் காட்டும். ஏன் இப்படி எழுதினது எண்டு அடுத்தவருக்குச் சொல்லாது.

"கிட்ஹப்பும் ஒரு அமெரிக்கக் கொம்பனிதானே, நாளைக்கு மூடினால்?" இது நல்ல கேள்வி. கூகுள் கோட் எண்ட பெரிய களஞ்சியத்தை 2016 சனவரியில் மூடினார்கள். ஆனால் கிட்டும் கிட்ஹப்பும் ஒன்றில்லை. கிட் யாருக்கும் சொந்தமில்லாத கருவி. களஞ்சியத்தின் முழுப் பிரதி பத்துப் பேரிட்ட இருந்தால் எந்தக் கொம்பனி மூடினாலும் வேறிடத்தில் நிறுத்தலாம். டெபியனும் தன்னுடைய பழைய களத்தை 2018இல் மூடிவிட்டு 'சல்சா' எண்ட சொந்தக் களத்துக்கு மாறியது. பொதிகள் சாகவில்லை.

"கட்டளை எல்லாம் இங்கிலீசில, எங்களுக்கு ஏலாது" எண்டு எங்கட பீடத்துக்குள்ளேயே சொல்லுவினம். தேவையான கட்டளைகள் ஏழெட்டுத்தான். கொமிட் குறிப்பைத் தமிழிலேயே எழுதலாம், கிட் யூனிகோட்டை ஏற்கும். இன்னும் சொன்னால் கிட்ஹப், கிட்லாப் போன்ற தளங்களில் பிரவுசருக்குள்ளேயே திருத்தலாம், ஒரு கட்டளையும் வேண்டாம்.

"எக்ஸ்-இசட் விசயத்தில் கிட் இருந்தும் காப்பாற்றவில்லையே?" உண்மை. பதிப்புக் கட்டுப்பாடு களவை நிற்பாட்டாது. களவு நடந்த இடத்தில் காலடி விழச் செய்யும். காலடியைப் பார்க்கிறது ஆக்களின் வேலை. இந்த இடத்தில்தான் கலைப்பீடம் வருகுது.

எங்கட வேலை எது?

ஒரு தமிழ்ச் சொற்பிழைதிருத்தியை யோசியுங்கோ. அதில் நிரல் ஒரு பங்கு, சொற்பட்டியல் மற்றப் பெரிய பங்கு. 'ஒருக்கால்', 'கெதியா', 'வடிவான' எல்லாம் பிழை எண்டு சிவப்புக் கோடு போட்டால், பிழை நிரலில் இல்லை. பட்டியலில் யாழ்ப்பாணம் இல்லை. அதைச் சேர்க்க வேண்டியவர் யார்? ஒவ்வொரு சொல்லையும் சேர்க்கும்போது எந்த நூலில், எந்த வழக்கில் இருந்து எடுத்தது எண்டு கொமிட் குறிப்பில் எழுதினால், அது பதிப்புரையின் அதே வேலை. பாடபேதம் பார்க்கப் பழகிய கண்ணுக்கு இரண்டு பதிப்புகளை அருகருகே வைத்து வேறுபாடு பார்ப்பது புதிதில்லை. நிரல் எழுதத் தெரியாமலே ஒரு திட்டத்தின் நம்பகமான வாசகர்களாக நாங்கள் இருக்கலாம். கொலினின் பக்கத்தில் அப்படி நாலு பேர் இருந்திருந்தால் கதை வேறு மாதிரிப் போயிருக்கக்கூடும்.

திருநெல்வேலி வளாகத்தில் கலைப்பீடத்துக்கும் கணினி விஞ்ஞானத் துறைக்கும் இடையில் நடை தூரம்தான். நடக்கத் தொடங்குவம். நாங்கள் கேட்பது நாலு விசயம்.

முதலாவது, தமிழ் தொடர்பான இறுதியாண்டுச் செயற்திட்டம் எதுவானாலும் திறந்த உரிமத்தோடு, கிட் வரலாற்றோடு வெளியிடப்பட வேணும். அறிக்கையின் முதற் பக்கத்தில் களஞ்சியத்தின் முகவரி இருக்க வேணும், ஆய்வேட்டில் உசாத்துணை இருப்பது மாதிரி.

இரண்டாவது, சனத்துக்குத் தருகிற ஒவ்வொரு பதிப்புக்கும் களஞ்சியத்தில் ஒரு குறி வைக்க வேணும். தருகிற கோப்பு அந்தக் குறியில் இருந்து, ஏலுமானால் தானியங்கியாக, ஆக்கப்பட வேணும். வைபரில் சுற்றுகிற கோப்பு எந்தப் பதிப்பு எண்டு கேட்டால் பதில் இருக்க வேணும்.

மூன்றாவது, ஒரு திட்டத்துக்குக் குறைஞ்சது இரண்டு பேருக்குப் பொறுப்பு இருக்க வேணும். ஒருவர் நிரல் பக்கம், மற்றவர் மொழிப் பக்கம். ஒருவர் செய்த மாற்றத்தை மற்றவர் வாசிச்ச பிறகே வெளியீடு. புதிதாக வந்து கனக்க உதவி செய்கிறவரை வரவேற்பம், அவருடைய கொமிட்டையும் வாசிப்பம்.

நாலாவது, மூலத்தைத் தராமல் ஆயத்தக் கோப்பை மட்டும் தருகிற எழுத்துருவுக்கும் செயலிக்கும் விழா எடுத்து வெளியீடு வைக்கும்போது, மேடையில் ஏறி வாழ்த்துகிறவர்கள் ஒரு கேள்வி கேட்க வேணும்: மூலம் எங்கே?

சிறுப்பிட்டியில் இருந்து போனவர் கரையான் தின்ற ஏடுகளைத் தேடி அலைஞ்ச காலத்தில், வரலாற்றைக் குறித்துவைப்பது பெரிய உழைப்பு. இன்றைக்கு அது இலவசமாகவும் நாலு கட்டளைகளாகவும் கிடைக்குது. நூற்றுநாற்பது வருடத்துக்கு முந்தி ஒரு கலித்தொகைக்குக் காட்டின கவனத்தை, தினமும் கோடிக்கணக்கான சொற்களைத் தட்டெழுதுகிற விசைப்பலகைக்கும் காட்டலாம். அடுத்த முறை யாராவது ஒரு தமிழ்ச் செயலியை உங்களுக்கு அனுப்பினால், நிறுவுமுன் ஒருக்கால் கேளுங்கோ: இது எந்த ஏட்டில இருந்து வந்தது?